சிந்தி எழுத்தில் மூச்சொலி தப்பும்போது: அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

சிந்திக் கோப்பு ஒன்று கைக்கு வந்ததும் முதல் வேலையாக அதில் ‘ஸிந்து⁴’ (⁴ போன்ற எண்களின் பொருள் கீழே வருகிறது) என்ற பெயரைத் தேடிப் பாருங்கள். அது எழுதப்பட்டிருக்கும் விதத்தை வைத்தே மீதிக் கோப்பு எந்த லட்சணத்தில் இருக்கும் என்று ஏறக்குறைய சொல்லிவிடலாம். மூன்று எழுத்தில் முடிந்திருந்தால் தட்டியவர் சிந்தி விசைப்பலகை வைத்திருக்கிறார். நான்கு எழுத்து இருந்தால் உருது விசைப்பலகையில் தட்டியது. கீழே வரும் பிழைகளில் பாதிக்கு மேல் அதற்குள் இருக்கும்.

நான் பேசுவது அரபு வரிவடிவில் எழுதும் சிந்தியைப் பற்றி. ஆங்கிலேயர் 1843-இல் சிந்துவைப் பிடித்த பிறகு, 1853-இல் 52 எழுத்துகளோடு ஒழுங்குபடுத்திய வடிவம் அது. பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் பள்ளிப் பாடமும் பத்திரிகையும் இதில்தான். இந்தியச் சிந்திகளிடம் இதுவும் தேவநாகரியும் இரண்டும் புழங்குகின்றன.

உருதுவில் மூச்சொலிக்கு, அதாவது மூச்சுக்காற்றோடு தள்ளிச் சொல்லும் ஒலிக்கு, ஒரே சூத்திரம். அடிப்படை எழுத்தைப் போடு, பின்னாலேயே இருகண் ஹே (இரண்டு கண் போலத் தெரியும் ஹகர எழுத்து) போடு, முடிந்தது. சிந்தி அந்த வழியில் போகவில்லை. பத்து மூச்சொலிகளில் எட்டுக்குத் தனித்தனி எழுத்து வைத்துக்கொண்டது. க⁴, ஜ⁴ என்ற இரண்டுக்கு மட்டும் ஹே சேர்க்கிறது. இந்த ஒரு வேறுபாட்டை மறப்பதால்தான் பெரும்பாலான கோளாறுகள் வருகின்றன.

ஒலிகளைக் காட்ட ஸ்தோத்திரப் புத்தகங்களில் போடும் எண்களையே இங்கே பயன்படுத்துகிறேன். க³ என்றால் கங்கையின் முதல் ஒலி, க⁴ என்றால் கோஷத்தின் முதல் ஒலி, க² என்றால் மூச்சோடு தள்ளிச் சொல்லும் க. எண் இல்லாவிட்டால் சாதா க. ஜகரத்துக்கு ஜ, ஜ⁴ என்ற இரண்டு போதும். சிந்தி எழுத்துகளை இங்கே அச்சடிக்கவில்லை. வலமிருந்து இடம் ஓடும் எழுத்தைத் தமிழ் வரிக்கு நடுவில் போட்டால் சொல் வரிசையே புரண்டுவிடும். தவிர, புள்ளிகளை வாயால் சொல்லப் பழகிக்கொண்டால் தொலைபேசியிலேயே திருத்தம் சொல்லலாம். யூனிகோடு எண்ணில் (கணினியில் ஒவ்வோர் எழுத்துக்கும் உள்ள எண்) வரும் ஆங்கில எழுத்துகளையும் ஒலிக்கும்படியே எழுதுகிறேன்: 06ஏ9 என்பது போல.

அறிகுறி: தேவையில்லாத ஹே எங்கு பார்த்தாலும் நிற்கிறது

ஸிந்து⁴ என்ற பெயருக்கு ஸீன் (ஸ), நூன் (ந), த⁴ என்ற மூன்றே எழுத்துகள். உருதுக்காரர் ஸீன், நூன், தால் (த³), ஹே என்று நான்கு போடுவார். படிக்கிறவருக்குப் புரியும்தான். ஆனால் தேடலில் அகப்படாது, எழுத்துப்பிழை திருத்தி சிவப்புக் கோடு போடும், அகராதியில் இருக்காது.

காரணம் எளிது. உருது விசைப்பலகையில் சிந்தியின் தனி எழுத்துகள் இல்லை. இல்லாததற்குப் பதிலாகக் கை தெரிந்ததைப் போடுகிறது. எனவே முதல் திருத்தம் கோப்பில் இல்லை, கருவியில் இருக்கிறது. சிந்தி விசைப்பலகையை நிறுவுங்கள். சிந்திக் கணினியாக்கத்தில் முன்னோடியான அப்துல் மஜீத் பு⁴ர்க்³ரியின் எம்பி சிந்தி விசைப்பலகை பரவலாகப் புழங்குவது.

இனி ஏற்கெனவே கெட்டுப்போன கோப்பு. ‘தேடி மாற்று’ வசதியில் தால்+ஹே எல்லாவற்றையும் த⁴ ஆக்கிவிடலாம் என்று தோன்றும். அவசரப்படாதீர்கள். தில்லியைச் சிந்தியில் தால், ஹே, லாம், யே என்று எழுதுவார்கள். அங்கே ஹே தனி ஒலி, ‘திஹ்லி’. மாற்றினால் தலைநகரம் ‘த⁴லி’ ஆகிவிடும். பிஹாரின் கதி இன்னும் மோசம். பே, ஹே, அலிஃப், ரே என்பதில் முதல் இரண்டையும் ப⁴ ஆக்கினால் வருவது ‘பா⁴ரு’, அதாவது பாரம். இது உண்மையான சிந்திச் சொல்லாக இருப்பதால் எந்தத் திருத்தியும் கண்டுபிடிக்காது. தெஹ்ரானும் இதே வலையில் சிக்கும்.

தப்பிக்க வழி உண்டு. ஒழுங்காக உருது தட்டுகிறவர், தனி ஹகர ஒலிக்கு வட்ட ஹேயும் (06சி1) மூச்சொலிக்கு இருகண் ஹேயும் (06பிஇ) போடுவார். அப்படிப்பட்ட கோப்பு என்றால் எழுத்து+06பிஇ சேர்க்கையை மட்டும் மாற்றுங்கள், 06சி1-ஐத் தொடாதீர்கள். தில்லி, பிஹார் எல்லாம் பிழைத்துக்கொள்ளும். கோப்பில் இரண்டு ஹேயும் தாறுமாறாகக் கலந்திருக்கிறதா என்று முன்னதாகப் பார்க்க, ஹேயில் தொடங்கும் சொற்கள் நாலைந்தை எடுத்து எண்ணைச் சோதியுங்கள். சொல்லின் முதலில் மூச்சொலி ஹே வரவே முடியாது. அங்கேயே 06பிஇ இருந்தால் தட்டியவர் வேறுபாடு பார்க்கவில்லை என்று அர்த்தம். அந்தக் கோப்பை ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துத்தான் திருத்தியாக வேண்டும். குறுக்குவழி தேடி மெனக்கெட வேண்டாம், கிடையாது.

அறிகுறி: ‘யார்’ என்று கேட்டால் ‘பால்’ என்று வருகிறது

சிந்தியில் ‘கேர்’ என்றால் யார், ‘கீ²ர்’ என்றால் பால். குற்றுயிர்க் குறிகளும் மற்றக் குறிகளும் இல்லாமல் எழுதும்போது இரண்டிலும் நடுவில் யே, கடைசியில் ரே. முதல் எழுத்து ஒன்றுதான் வித்தியாசம். அது தவறினால் ‘நீ யார்?’ என்ற கேள்வி ‘நீ பால்’ ஆகிவிடும்.

இங்கே சிக்கல் புள்ளியில் இல்லை. உருதுவும் பாரசீகமும் சாதா க-வுக்கு வைத்திருக்கும் எழுத்து 06ஏ9. அதே எழுத்தைச் சிந்தி க²-வுக்கு எடுத்துக்கொண்டது. சாதா க-வுக்கு நீட்டிப் படுத்த வடிவம் ஒன்றை, 06ஏஏ, வைத்துக்கொண்டது. யூனிகோடு பட்டியலில் 06ஏ9-இன் பெயரே ‘கெஹே’ என்று மூச்சொலிப் பெயராக இருக்கிறது. கோடிக்கணக்கான உருது, பாரசீகக்காரர்கள் தங்கள் சாதா க-வைச் சிந்திப் பெயரால் பதிவான எழுத்தில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

உருது வழியில் தட்டிய கோப்பில் சாதா க எல்லாம் 06ஏ9 ஆகவும், க² எல்லாம் 06ஏ9+06பிஇ ஆகவும் இருக்கும். திருத்த இரண்டே படிகள், ஆனால் வரிசை முக்கியம்.

முதலில் கோப்பில் உள்ள 06ஏ9 அத்தனையையும் 06ஏஏ ஆக்குங்கள். அப்புறம் 06ஏஏ+06பிஇ என்ற சேர்க்கையைத் தேடி 06ஏ9 ஆக்குங்கள். அவ்வளவுதான்.

வரிசையை மாற்றி, முதலில் க² சேர்க்கையை 06ஏ9 ஆக்கிவிட்டு, அடுத்து 06ஏ9 எல்லாவற்றையும் 06ஏஏ ஆக்கினால் அப்போதுதான் திருத்திய க² எல்லாம் மறுபடி சாதா க ஆகிவிடும். கோப்பில் ஒரு பால்கூட மிஞ்சாது. சரியான வரிசையில் செய்தாலும் ஒரு தடவைக்கு மேல் ஓட்டக்கூடாது. திருத்தி முடித்த கோப்பில் மறுபடி ஓட்டினால் அதே அழிவுதான். அதனால் தொடங்கும் முன் 06ஏஏ-வைத் தேடிப் பாருங்கள். அது ஏற்கெனவே நிறைய இருந்தால் கோப்பு சிந்தி விசைப்பலகையில் தட்டியது. இந்த இரண்டு படிக்கும் அங்கே வேலை இல்லை. அரபு விசைப்பலகையிலிருந்து வரும் காஃப் (0643) அங்கங்கே கிடந்தால் அதைத் தயங்காமல் 06ஏஏ ஆக்கலாம்.

அறிகுறி: குழந்தை பாரமாகிறது, பாரம் அக்கரைக்குப் போகிறது

பே குடும்பத்தில் உடல் ஒன்றுதான், ஒரு தட்டையான படகு வடிவம். புள்ளிதான் எல்லாம். கீழே ஒரு புள்ளி ப³. கீழே இரண்டு புள்ளி, ஒன்றன்கீழ் ஒன்றாக, என்றால் உள்ளிழுத்துச் சொல்லும் ப³. மூன்று புள்ளி சாதா ப. நான்கு புள்ளி ப⁴.

இதே நான்கையும் அலிஃப், ரே முன்னால் வைத்துப் பாருங்கள். இரண்டு புள்ளி போட்டால் குழந்தை. மூன்று போட்டால் அக்கரை. நான்கு போட்டால் எடை, பாரம். ஒரு புள்ளியோடு எழுதினாலும் ‘பா³ரு’ என்று பாரத்தையே குறிக்கும் சொல் இருக்கிறது. எதுவுமே அர்த்தமில்லாத சொல்லாக இல்லை. அதனால் இந்தப் பிழையை இயந்திரத்திடம் ஒப்படைக்க முடியாது, வாக்கியத்தைப் படித்துத்தான் பிடிக்க வேண்டும்.

பெரும்பாலும் இது தட்டும் பிழையே அல்ல, பார்க்கும் பிழை. சின்ன அளவு எழுத்தில், மட்டமான அச்சில், நான்கு புள்ளி மூன்றாகத் தெரியும். பழைய புத்தகத்தைப் பார்த்துத் தட்டுகிறவர் ப⁴-வைப் ப என்று எடுத்துக்கொள்வார். மெய்ப்புப் பார்க்கிறவரும் அதே அளவில் பார்த்தால் விட்டுவிடுவார். திரையில் எழுத்தை வழக்கத்தைவிட இரண்டு மடங்காக்கிக்கொண்டு மெய்ப்புப் பாருங்கள். பிடிஎஃப்-ஆக வந்தாலும் இதைச் செய்யுங்கள்.

கையெழுத்தில் வேறு ஒரு வம்பு. அரபு, உருது கையெழுத்தில் கிடையாக வரும் இரண்டு புள்ளியை ஒரு சின்னக் கோடாக இழுத்துவிடுவார்கள்; மூன்று புள்ளியை ஒரு கூரை மாதிரிக் குறியாக்கிவிடுவார்கள். சிந்தியில் அந்தச் சலுகையை எடுத்துக்கொண்டால் படிக்கிறவர் தவித்துப்போவார். புள்ளி கிடையா நிலையா, கூரை மேல்நோக்கியா கீழ்நோக்கியா என்பதெல்லாம் இங்கே எழுத்தையே மாற்றும். புதிதாக எழுதிப் பழகுகிறவர் ஒவ்வொரு புள்ளியையும் தனியாக வைப்பதே நல்லது.

அறிகுறி: த², ட², ட ஒன்றோடொன்று மாறுகின்றன

இதுவும் அதே படகு உடல்தான், புள்ளி மேலே. கிடையாக இரண்டு புள்ளி த. நான்கு புள்ளி த². நிலையாக, ஒன்றன்மேல் ஒன்றாக, இரண்டு புள்ளி ட². மூன்று புள்ளியில் முனை கீழ்நோக்கி இருந்தால் ட. முனை மேல்நோக்கி இருந்தால் அது ஸே, வெறும் ஸகர ஒலி, அரபுச் சொற்களில் மட்டும் வருவது.

சோதிக்க நல்ல சொல் ‘ட²டோ’. வரைபடத்தில் தட்டா என்று பார்த்திருப்பீர்கள். பக்கத்தில் இருக்கும் மக்லி இடுகாட்டை யுனெஸ்கோ 1981-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாகச் சேர்த்தது. முதல் எழுத்தில் நிலையாக இரண்டு புள்ளி, அடுத்ததில் முனை கீழ்நோக்கிய மூன்று. பிழையான கோப்பில் இது ‘ததோ’ என்றும், ‘டஸோ’ என்றும், உருது வழியில் மூன்று நான்கு எழுத்து நீண்டும் கிடக்கும். இந்த ஊர்ப் பெயர் ஒழுங்காக இருந்தால் டகர வரிசை முழுவதையும் ஓரளவு நம்பலாம்.

த² மட்டும் தவறினால் சேதம் அதிகம். ‘தோ², தீ²’ என்பவை சிந்தி வாக்கியத்தில் நிகழ்கால வினையோடு ஒட்டிக்கொண்டே வரும் சொற்கள். ‘வருகிறான்’ என்பதற்கே ‘அசே தோ²’ என்று ஒன்று தேவை. பக்கத்துக்கு எத்தனை தடவை வரும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நல்லவேளையாக, அடிக்கடி வருவதாலேயே கண்டுபிடிப்பதும் சுலபம். ‘தார்’ பாலைவனம் என்று நாம் சொல்வதும் அங்கே ‘த²ர்’ தான், நான்கு புள்ளி.

அறிகுறி: தால் குடும்பத்தில் எது எதுவென்றே தெரியவில்லை

மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லாத இடம். புள்ளியே இல்லாவிட்டால் த³. மேலே ஒன்று என்றால் ஃஜால், ஸகரத்தின் குழைந்த ஒலி. மேலே கிடையாக இரண்டு த⁴. மேலே மூன்று, முனை கீழ்நோக்கி, என்றால் உள்ளிழுத்துச் சொல்லும் ட³. கீழே ஒன்று சாதா ட³. கீழே இரண்டு ட⁴.

அதாவது இங்கே இரண்டு புள்ளி கண்டால் மூச்சொலி என்று வைத்துக்கொள்ளலாம். மேலே என்றால் பல்லில் தட்டும் ஒலி, கீழே என்றால் நாக்கை மடிக்கும் ஒலி. தால் குடும்பத்துக்குள் மட்டும் இந்தச் சூத்திரம் செல்லும். பே குடும்பத்துக்கு எடுத்துப் போனால் வம்பு.

‘ட⁴ண்ட்⁴’ என்றால் ஏரி. ஆரம்பத்திலும் முடிவிலும் கீழே இரண்டு புள்ளி. செஹ்வான் பக்கத்து மஞ்ச²ர் ஏரியும், கராச்சிக்குக் குடிநீர் தரும் கீஞ்ஜ⁴ர் ஏரியும் இந்தச் சொல்லோடுதான் வரும். ‘மஞ்ச²ர் ட⁴ண்ட்⁴’ என்ற இரண்டு சொல்லில் மூன்று மூச்சொலி இருக்கிறது, ஹே ஒன்றுகூடக் கிடையாது. உருது வழியில் தட்டினால் அதே இரண்டு சொல்லில் மூன்று ஹே ஏறிக்கொள்ளும்.

யூனிகோட்டில் ஒரு கண்ணி இருக்கிறது. மேலே மூன்று புள்ளி வைத்த தால் இரண்டு உண்டு. 068எஃப் முனை கீழ்நோக்கியது, இன்று புழக்கத்தில் உள்ளது. 068இ முனை மேல்நோக்கியது, சிந்தியில் வழக்கொழிந்த பழைய வடிவம். எழுத்துப் பட்டியலில் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் சுட்டெலியால் பொறுக்கி எடுப்பவர்கள் மாற்றி எடுத்துவிடுவார்கள். மூச்சொலி அல்ல என்றாலும் த⁴-வைச் சரிபார்க்கும்போது இதையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

அறிகுறி: க⁴, ஜ⁴ கண்ணுக்குச் சரி, தேடினால் கிடைப்பதில்லை

இந்த இரண்டுக்கும் தனி எழுத்து இல்லை. க³+ஹே, ஜ+ஹே. ஆனால் அரிச்சுவடியில் இவை ஒவ்வொன்றும் ஒரே எழுத்தாகத்தான் எண்ணப்படும், 52-க்குள் அடக்கம்.

எந்த ஹே என்பதுதான் கேள்வி. இன்றைக்குப் பெரும்பாலோர் இருகண் ஹே (06பிஇ) போடுகிறார்கள். அரபு ஹே (0647) போட்ட கோப்புகளும் ஏராளம். சொல்லின் நடுவில் இரண்டும் சில எழுத்துருக்களில் ஏறக்குறைய ஒன்று போலவே தெரியும். ‘கோ⁴ட்கி’ என்ற ஊரை ஒரு ஹேயால் தட்டித் தேடினால், இன்னொரு ஹேயால் எழுதிய பக்கம் வராது. யூனிகோடு இயல்பாக்கம் (ஒரே எழுத்தின் வேறு வேறு பதிவுகளை ஒன்றாக்கும் வசதி) இந்த இரண்டையும், முன்னே சொன்ன வட்ட ஹேயையும் சேர்த்து, மூன்று ஹேயையும் ஒன்றாக்காது. அது அதன் வேலையும் அல்ல, ஏனென்றால் வேறு மொழிகளில் இவை வேறு வேறு எழுத்து.

எனவே நீங்களே ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். என் யோசனை: ஜ, க³ ஆகியவற்றுக்குப் பின்னால் வருவதை எல்லாம் 06பிஇ ஆக்கிவிடுங்கள். சொல் ஹே-யில் முடியும் இடங்களை மட்டும் கண்ணால் பாருங்கள். ‘ஸமஜ⁴’ என்ற சொல் ஜ⁴-வில் முடிவது. அரபு ஹே போட்டிருந்தால் கடைசியில் ஒரு சின்ன முடிச்சாகச் சுருங்கி, வேறு சொல் மாதிரி நிற்கும். இருகண் ஹே என்றால் இரண்டு கண்ணும் தெரியும். மாற்றம் சரியாக நடந்ததா என்று பார்க்க இதுவே போதும்.

ஒரு எச்சரிக்கை. சொல்லின் கடைசியில் இரண்டு ஹே அடுத்தடுத்து நிற்பதைப் பார்த்துத் தட்டச்சுப்பிழை என்று ஒன்றை அழித்துவிடாதீர்கள். ‘ஷாஹ்’ போன்ற சொற்களைச் சிந்தியில் இரண்டு ஹே போட்டு எழுதும் வழக்கம் உண்டு. பி⁴ட் ஷா என்ற ஊர்ப்பெயர் இரண்டு விதமாகவும் கிடைக்கும். கோப்புக்குள் ஒரே மாதிரி இருந்தால் சரி.

உயிர்க்குறி இடும்போது அது ஹேயின் மேல் வர வேண்டும், அதற்கு முந்திய எழுத்தின் மேல் அல்ல. காடு என்று பொருள்படும் ‘ஜ⁴ங்கு³’ என்ற சொல்லில் அகரக் குறியை ஜ-வின் மேல் வைத்துவிட்டால் ‘ஜஹங்’ என்று இரண்டு அசையாகப் பிரிந்துவிடும். வாய்விட்டு வாசிக்கும் செயலி தப்பாகப் படிக்கிறது என்று புகார் வந்தால் இதை முதலில் பாருங்கள்.

அறிகுறி: நான்கு புள்ளியைக் கண்டு மூச்சொலி என்று படித்துவிடுவது

ப⁴, த², ப², ச² நான்குக்குமே நான்கு புள்ளிதான். ப⁴-வுக்குக் கீழே, த²-வுக்கு மேலே, ச²-வுக்கு வயிற்றுக்குள், ப²-வுக்கு ஃபே எழுத்தின் தலைக்கு மேல். ‘பீ²தோ²’ என்றால் சக்கரம். ஒரே சொல்லில் இரண்டு மூச்சொலியின் எட்டுப் புள்ளியும் மேலேயே இருப்பதைப் பார்க்கலாம். இதிலிருந்து நான்கு புள்ளி என்றாலே மூச்சொலி என்ற முடிவுக்கு வருவது இயல்பு.

ரே எழுத்தின் மேல் நான்கு புள்ளி வந்தால் மட்டும் அது மூச்சொலி அல்ல. நாக்கை மடித்து உதறும் ‘ட’கர ஒலி, இந்தியில் ‘சடக்’ என்னும்போது வருவது. மொஹஞ்சதாரோ என்று நாம் படித்த பெயரின் கடைசிச் சொல்லில் (மேடு என்று பொருள்) இந்த எழுத்துதான் இருக்கிறது. இதற்கு மூச்சு வேண்டுமென்றால் பின்னால் ஹே சேர்க்க வேண்டும். ‘படி’ என்ற பொருளில் வரும் வினையில் அப்படித்தான். ல, ம, ந, ண ஆகியவற்றோடு மூச்சு சேரும்போதும் ஹேதான், தனி எழுத்தைத் தேடி அலைய வேண்டாம்.

அறிகுறி: எழுத்து கட்டமாகத் தெரிகிறது, அல்லது சொல் நடுவில் உடைகிறது

எழுத்துருவில் அந்த எழுத்து இல்லை. உருது நஸ்தலீக் (சாய்ந்து இறங்கும் பாணி) எழுத்துருக்கள் பலவற்றில் சிந்தி எழுத்துகள் கிடையாது. கணினி அந்த ஒன்றை மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கும், அது பக்கத்து எழுத்தோடு ஒட்டாது. எழுத்து கெட்டுவிட்டது என்று நினைத்துத் திரும்பத் தட்டுவதில் பயனில்லை. சிந்தி அச்சு நஸ்க் என்ற நேர்கோட்டுப் பாணியில் போவது. லதீஃப், நோட்டோ நஸ்க், எம்பி எழுத்துருக்கள் எதை வேண்டுமானாலும் போட்டுப் பாருங்கள். முதலில் சொன்னது சிந்திக் கவிஞர் ஷா அப்துல் லதீஃப் பி⁴டாயியின் பெயரை வைத்தது.

எந்த எழுத்துரு வந்தாலும் ஒரு சோதனை வரி வைத்துக்கொள்ளுங்கள்: ஸிந்து⁴, ட²டோ, த²ர், பி⁴ட், கோ⁴ட்கி, மஞ்ச²ர், கீஞ்ஜ⁴ர், ட⁴ண்ட்⁴, கீ²ர், பீ²தோ². பத்து மூச்சொலியும் இதில் வந்துவிடும்.

பிடிஎஃப்-இலிருந்து நகலெடுத்த உரையில் எழுத்து கண்ணுக்குத் தெரிந்தும் தேடலில் சிக்காவிட்டால், அவை வடிவ எழுத்துகளாக (சொல்லின் முதல், நடு, கடைசி வடிவங்களுக்குத் தனித்தனி எண் உள்ளவை, எஃப்பி50-இலிருந்து தொடங்கும் வரிசை) வந்திருக்கலாம். இதற்கு மட்டும் யூனிகோடு இயல்பாக்கம், என்எஃப்கேசி வகை, கைகொடுக்கும். அதை ஓட்டிவிட்டு மற்றத் திருத்தங்களுக்கு வாருங்கள்.

அறிகுறி: தேவநாகரிக்கு மாற்றியதும் காடு ‘ஜஹங்’ ஆகிவிட்டது

சிந்தி 1967-இல் இந்திய அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் ஏறியது. இரண்டு வரிவடிவிலும் புத்தகம் வருவதால் மாற்றிக்கொள்ளும் தேவையும் வந்துகொண்டே இருக்கிறது. தேவநாகரியில் பத்து மூச்சொலிக்கும் பத்து எழுத்து தயாராக இருக்கிறது. எனவே எட்டு எழுத்து ஒன்றுக்கு ஒன்றாகப் போய் உட்கார்ந்துவிடும். தொல்லை ஜ⁴, க⁴ இரண்டில்தான். மாற்றும் நிரல் எழுத்து எழுத்தாகப் போனால் ஜ-வைத் தனியாகவும் ஹ-வைத் தனியாகவும் மாற்றி ‘ஜஹ’ என்று வைத்துவிடும். நிரலின் அட்டவணையில் ஈரெழுத்துச் சேர்க்கைகள் மேலே, ஒற்றை எழுத்துகள் கீழே என்று வரிசைப்படுத்தினால் தீர்ந்துவிடும். மூன்று ஹேக்கும் மூன்று வரி எழுத மறக்காதீர்கள்.

எதிர்த்திசையில், தேவநாகரியிலிருந்து வரும்போது, உள்ளிழுப்பு ஒலிகளைப் பாருங்கள். அவை எழுத்துக்குக் கீழே கோடு போட்டவை, நான்குக்கும் யூனிகோட்டில் தனி இடம் உண்டு. அந்தக் கோடு வெறும் அடிக்கோடு வடிவமைப்பாக இருந்தால் மாற்றும்போது உதிர்ந்துபோய்க் குழந்தைக்கு ஒரு புள்ளி குறையும்.

அறிகுறி: தமிழ்ப் பெயர்களில் எங்கிருந்தோ மூச்சொலி முளைக்கிறது

கவிதா, கார்த்திக், தங்கம் என்ற பெயர்களை ஆங்கிலத்தில் எழுதும்போது தகரத்துக்கு டி-யோடு ஹெச் சேர்ப்பது நம் ஊர் வழக்கம். டகரத்திலிருந்து பிரித்துக் காட்டுவதற்காக அப்படி எழுதுகிறோம், மூச்சு எதுவும் அதில் இல்லை. வடக்கே அதே டி-ஹெச் த²-வையோ ட²-வையோ குறிக்கும். அதனால் ஆங்கிலப் பட்டியலைப் பார்த்துச் சிந்தியில் எழுதுகிறவர் கவிதாவுக்கு நான்கு புள்ளி வைத்துவிடுவார். நமக்கு வேண்டியது இரண்டு புள்ளி. தமிழ்ப் பெயர்களைக் கொடுக்கும்போது ஆங்கில எழுத்தோடு, ‘சாதா த’ என்று பக்கத்தில் ஒரு குறிப்பும் அனுப்புங்கள். சிந்திப் பெயரைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கும் இதே கதைதான், திசை மட்டும் மாறும்.

காதால் பிரித்துணர முடியவில்லை என்றால் உள்ளங்கையை வாய்க்கு நேராக வைத்துச் சொல்லிப் பாருங்கள். ப², ப⁴ சொல்லும்போது கையில் காற்று படும். உள்ளிழுப்பு ப³-வுக்குக் காற்றே படாது, தொண்டைக்குழி ஒரு நொடி கீழே இறங்கும். எழுத்தில் ஒரே குடும்பமாக இருந்தாலும் இரண்டும் எதிரெதிர் ஒலி. சிந்திக்காரர் ஒருவரை ‘பா³ரு, பா⁴ரு’ இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டால் சீக்கிரமே பிடிபடும்.

அறிகுறி: அகர வரிசையில் ப⁴ கடைசிக்குப் போய்விட்டது

எழுத்தில் பிழை இல்லை, அடுக்குவதில்தான் பிழை. வெறும் யூனிகோடு எண் வரிசையில் அடுக்கினால் அரபுக்கு உரிய எழுத்துகள் எல்லாம் முதலில் முடிந்து, சிந்திக்கென்று சேர்த்தவை யே-க்கும் பின்னால் வரும். ப⁴ பெற்ற எண் 0680, யே-யின் எண் 064ஏ. அதனால் அண்ணன் தம்பி (பா⁴உ), அக்கா தங்கை (பே⁴ண்) எல்லாம் அகராதியின் வாலுக்குப் போய்விடுவார்கள். சிந்தி வரிசையில் பே, உள்ளிழுப்பு ப³, ப⁴ மூன்றும் அலிஃபுக்கு அடுத்து வர வேண்டும். அதன்பின் த, த², ட, ட², ஸே, அதற்கும் பிறகுதான் சாதா ப.

ஜ⁴, க⁴ இரண்டையும் தனி எழுத்தாக அடுக்க வேண்டும் என்பதை நிரலுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். ஜ முழுவதும் முடிந்து, உள்ளிழுப்பு ஜ முடிந்து, அப்புறம்தான் ஜ⁴. சொல்லாவிட்டால் ஜ-வில் தொடங்கும் சொற்களுக்கு நடுவே ஹே வரும் இடத்தில் கொண்டுபோய்ச் செருகிவிடும். அகராதி, தொலைபேசிப் பட்டியல், நூல் சுட்டி எதுவானாலும் இந்த அடுக்கைக் கடைசியில் ஓட்டுங்கள். ஹே திருத்தம் முடிவதற்குள் ஓட்டினால் 0647 போட்ட ஜ⁴ ஓரிடத்திலும் 06பிஇ போட்ட ஜ⁴ இன்னோரிடத்திலும் போய் நிற்கும்.